கள்வனைக் காட்டிக் கொடுக்கும் பன்னிரண்டு குஞ்சங்கள்

ராஸ்பெரித் தோட்டங்களைச் சூறையாடும் ஜப்பான் வண்டின் கதை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஜூலை மாதம் நல்ல வெயில் காலம். வீட்டுக் கொல்லைகளிலும் பண்ணைகளிலும் ராஸ்பெரிப் பழம் சிவந்து தொங்கும் பருவமும் அதுதான். கூடையும் கையுமாகப் பழம் பறிக்கப் போகிறவர் சில சமயம் திடுக்கிட்டு நின்றுவிடுகிறார். உச்சிக் கொழுந்துகளில் இலை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நரம்புகள் மட்டும் வலை பின்னினாற்போல நிற்கின்றன. நன்றாகப் பழுத்த பழங்களில் குழி குழியாகக் குடைந்திருக்கிறது. அந்தக் குழிகளில் நாலைந்து வண்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு, பட்டப்பகலில் கூச்சமின்றி விருந்துண்டுகொண்டிருக்கின்றன.

யார் இந்த அழையா விருந்தாளி? இந்தக் கேள்விக்குச் சரியான விடை காண்பதில்தான் தோட்டக்காரரின் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கிறது. குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு ஒரு வாளி சோப்புத் தண்ணீருடன் காரியத்தை முடித்தவர்கள் உண்டு. பார்க்கப் பொறுமையின்றி ஆகாயத்திலிருந்து விஷத்தைக் கொட்டி, ஊரில் உள்ள பறவைகளையும் பூனைகளையும் பலி கொடுத்தவர்களும் உண்டு. இரண்டு கதைகளையும் பார்ப்போம்.

ரோஜாவின் உறவுக்காரி

ராஸ்பெரியை நேரில் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடி. பிரம்பு போன்ற நீண்ட கழிகளாக வளரும். சின்னஞ்சிறு சாற்று மணிகள் பலவற்றை ஒன்றாக ஒட்டி வைத்தாற்போலப் பழம் இருக்கும். பறித்தால் நடுத்தண்டு செடியோடு நின்றுவிடும். பழம் மட்டும் குல்லாய் மாதிரி உள்ளே குழிவாகக் கையோடு வரும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டுப் பாதையோரம் மஞ்சளாகவும் கறுப்பாகவும் பழுக்கும் முட்செடிகளைப் பலர் பார்த்திருக்கலாம். அவை இதன் உறவுகளே. அவற்றில் ஒன்றுக்கு 'மைசூர் ராஸ்பெரி' என்றே வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள்.

ராஸ்பெரிப் பழம் மிகவும் மென்மையானது. சற்று அழுத்திப் பிடித்தாலே நசுங்கிவிடும். வண்டு ஒரு கடி கடித்த பழம் சந்தைக்கு உதவாது. ஆகவே, இலை போனாலும் போகட்டும் என்று பொறுத்துக்கொள்கிற விவசாயிகூடப் பழத்தில் வண்டைக் கண்டால் பதறிப் போகிறார்.

அங்க அடையாளங்கள்

பார்வைக்கு இந்த வண்டு அழகன். நம் ஊர்ப் பிள்ளைகள் நெருப்புப் பெட்டியில் அடைத்து, இலை போட்டு வளர்க்கும் பொன்வண்டு நினைவிருக்கிறதல்லவா? அதைப்போலவே இதற்கும் உலோகப் பளபளப்பு. ஆனால் ஆள் சிறியவன். நீளம் 8 முதல் 11 மில்லி மீட்டர். சராசரி ஒரு சென்டி மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உருண்டு திரண்ட உடல். தலையும் கழுத்துப் பாகமும் மரகதப் பச்சை. முதுகை மூடியிருக்கும் கெட்டியான மேலிறகுகள் இரண்டும் செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கினாற்போன்ற பழுப்புச் சிவப்பு.

இத்தனையும் இருந்தாலும் இவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பச்சையும் செம்பும் கலந்த வண்டுகள் உலகில் எத்தனையோ உண்டு. முடிவான சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. வண்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். மேலிறகின் ஓரத்துக்குக் கீழே, வயிற்றின் இரு பக்கங்களிலும், பக்கத்துக்கு ஐந்தாக வெள்ளை மயிர்க் குஞ்சங்கள் வரிசையாகத் தெரியும். பின்புறம், மேலிறகு மூடாத நுனியில் இன்னும் இரண்டு. ஆக மொத்தம் பன்னிரண்டு. சாதாரணக் கண்ணுக்கு இவை வெள்ளைப் புள்ளிகளாகத் தோன்றும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மயிர்க் கற்றை என்பது விளங்கும்.

பன்னிரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆசாமி ஜப்பான் வண்டுதான்.

அவனுடைய நடத்தையும் அடையாளத்துக்கு உதவும். நல்ல வெயில் அடிக்கும் வேளையில்தான் வருவான். செடியின் உச்சியில் தொடங்கிக் கீழ் நோக்கி இறங்குவான். தனியாக வரமாட்டான், கடிபட்ட இலையிலிருந்து எழும் வாசனை மற்ற வண்டுகளையும் அழைத்து வந்துவிடுகிறது. இலை நரம்பைத் தொடாமல் இடையிலுள்ள சதையை மட்டும் தின்பான். அருகில் கை கொண்டுபோனால் பின்னங்கால்களைத் தூக்கி மிரட்டுவான். அதற்கும் மிஞ்சினால் பொத்தென்று கீழே விழுந்து தப்பித்துக்கொள்வான்.

ஆள் மாறாட்டம் வேண்டாம்

ராஸ்பெரிச் செடியில் உட்கார்ந்த வண்டெல்லாம் ஜப்பான் வண்டு ஆகிவிடாது. அமெரிக்காவில் 'போலி ஜப்பான் வண்டு' என்றே ஒன்று உண்டு. அளவும் உருவமும் ஏறக்குறைய இதே மாதிரி. ஆனால் அதன் நிறம் மங்கல். வெள்ளைக் குஞ்சங்களும் இல்லை. 'பச்சை ஜூன் வண்டு' என்பது இன்னொன்று. அது இவனைப்போல இரண்டு பங்கு நீளம் இருக்கும். பழுத்த பழத்தை அதுவும் தின்னும். எனினும் அதற்குப் பரிகாரம் வேறு. ரோஜா வண்டு எனப்படுவது மங்கிய மண் நிறமும் நீண்ட முட்கால்களும் உடையது. ஜப்பான் வண்டுக்கு முந்தியே வந்து போய்விடும்.

ராஸ்பெரி வண்டு என்ற பெயரையே தாங்கிய பூச்சியும் இருக்கிறது. நாலு மில்லி மீட்டர் அளவுள்ள பழுப்புநிறப் பொடியன். பழத்துக்குள் சிறு புழு நெளிந்தால் குற்றவாளி அவனுடைய வாரிசு என்று அறியலாம். ஜப்பான் வண்டின் புழு ஒருபோதும் பழத்தில் இருப்பதில்லை. இலை கடிபட்டிருக்கிறது, பகலில் எந்த வண்டையும் காணோம் என்றால், இரவில் மேயும் வேறு ஜாதி வண்டாக இருக்கக்கூடும். விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதே வழி.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பூச்சியும் வரும் காலம் வேறு. வளரும் இடம் வேறு. அதை அடக்கும் முறையும் வேறு. ஆள் மாறினால் மருந்து வீண், பணம் வீண். குற்றமற்ற பூச்சிகளும் பூவைத் தேடி வரும் தேனீக்களும் மடிந்து போவதுதான் மிச்சம்.

ஐரிஸ் கிழங்கில் ஏறி வந்தவன்

1916-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் ரிவர்ட்டன் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு செடிப் பண்ணை. ராஜ்ய விவசாய இலாகாவின் பூச்சியியல் நிபுணர்களான டிக்கர்ஸன், வைஸ் என்ற இருவர் அங்கே சோதனை செய்தபோது, அதுவரை அந்த நாட்டில் கண்டிராத வண்டுகள் சில அகப்பட்டன. கூட்டம் ஒன்றுமில்லை, எண்ணிவிடக்கூடிய அளவுதான். ஆயினும் அவர்கள் அலட்சியமாக விட்டுவிடவில்லை. அது ஜப்பானைத் தாயகமாகக் கொண்டது என்பது தெரியவந்தது. 1918-ம் ஆண்டில் கனடா நாட்டுப் பூச்சியியல் சஞ்சிகை ஒன்றில் இருவரும் அந்தச் செய்தியை வெளியிட்டு எச்சரித்தார்கள்.

எப்படி வந்தது? ஜப்பானிலிருந்து ஐரிஸ் என்னும் பூச்செடியின் கிழங்குகள் அமெரிக்காவுக்கு இறக்குமதியாகிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒட்டியிருந்த மண்ணுக்குள் புழுவாக மறைந்து கப்பலேறியிருக்க வேண்டும் என்பது நிபுணர்களின் கருத்து. வெளிநாட்டுச் செடிகளைச் சோதித்து உள்ளே விடும் சட்டம் அமெரிக்காவில் 1912-ம் ஆண்டில்தான் பிறந்தது. அதற்கு முன்பே கள்வன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான்!

ஜப்பானில் இந்த வண்டு அப்படியொன்றும் பெரிய பகைவன் அல்ல. அங்கே அதை உண்ணும் பூச்சிகளும் ஒட்டுண்ணிகளும் உண்டு. புழு வளர்வதற்கு ஏற்ற பரந்த புல்வெளிகளும் அங்கே குறைவு. அமெரிக்காவிலோ நிலைமை தலைகீழ். வீட்டுக்கு வீடு புல்தரை, மைல் கணக்கில் மேய்ச்சல் நிலம், எதிரிகளோ இல்லை. பூச்சிக்குச் சொர்க்க வாசல் திறந்ததுபோல ஆயிற்று. ஒழித்துவிடலாம் என்று செய்த ஆரம்ப முயற்சிகள் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. 1939-ம் ஆண்டில் கப்பலில் வந்த ஓர் உல்லாசப் பிரயாணியின் மோட்டார் காரில் ஏறிக் கனடாவின் யார்மத் துறைமுகத்திலும் வந்து இறங்கிவிட்டது. இன்று மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே ஏறக்குறைய எல்லா ராஜ்யங்களிலும் அது குடியேறிவிட்டது. ராஸ்பெரி, திராட்சை, ரோஜா, பிளம் என்று 300-க்கு மேற்பட்ட செடிவகைகளைத் தின்கிறது.

மண்ணுக்குள் பத்து மாதம்

நாம் செடியில் பார்ப்பது இந்த வண்டின் வாழ்வில் ஒரு சிறு பகுதியே. வண்டாக அது வாழ்வது ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாதம். மீதிக் காலமெல்லாம் பாதாள வாசம்.

பெண் வண்டு செடியில் வயிறு நிரம்பத் தின்றுவிட்டு, பக்கத்துப் புல்தரையில் இறங்கி, மண்ணுக்குள் சில அங்குலம் துளைத்துச் சென்று சில முட்டைகள் இடும். மறுபடியும் செடிக்கு வந்து விருந்து. மறுபடியும் மண். இப்படியே தன் ஆயுளுக்குள் 40 முதல் 60 முட்டைகள் வரை இட்டுவிடுகிறது. ஈரமில்லாத மண்ணில் முட்டை பிழைப்பதில்லை. சுமார் இரண்டு வாரத்தில் பொரிக்கும் புழு, புல்லின் வேரைத் தின்று கொழுக்கும். குளிர் வந்ததும் இன்னும் ஆழமாக இறங்கி உறங்கும். வசந்தம் வந்ததும் மேலேறி வந்து மறுபடியும் வேரைக் கடிக்கும். பிறகு கூட்டுப்புழுவாகி, ஜூன் கடைசியில் வண்டாக வெளிவரும்.

நம் ஊர் எருக்குழியைக் கிளறினால், அரைவட்டமாக வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுவைக் காணலாம். அது தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு. ஜப்பான் வண்டும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் புழுவின் தோற்றமும் அப்படியே, அளவுதான் சிறியது. முற்றிய புழு ஓர் அங்குலம் இருக்கும். மண்ணுக்குள் வேறு வண்டுகளின் புழுக்களும் இதே கோலத்தில் கிடப்பதால், இங்கேயும் அடையாளம் காணும் சிக்கல் உண்டு. புழுவின் வால்பக்கத்து அடிப்பாகத்தைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். அங்கே சிறு முட்கள் இரண்டு வரிசையாக, ஒரு முனையில் நெருங்கி மறுமுனையில் விலகி, கவண் கிளைபோல அமைந்திருந்தால் அது ஜப்பான் வண்டின் பிள்ளை!

ஷெல்டன் ஊர் கண்ட கோரம்

இனி, பொறுமையின்றி அடித்தவர்களின் கதை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு புதுப் புது விஷ மருந்துகள் வந்தன. இல்லினாய்ஸ் ராஜ்யத்தின் கிழக்கெல்லையில் ஷெல்டன் என்ற ஊர் இருக்கிறது. வண்டு மேற்கு நோக்கி முன்னேறுவதைத் தடுப்பதென்று முடிவு செய்து, 1954-ம் ஆண்டில் மத்திய, ராஜ்ய விவசாய இலாகாக்கள் அங்கே ஆகாய விமானத்திலிருந்து டீல்ட்ரின் என்னும் கொடிய விஷத்தை 1,400 ஏக்கரில் தூவின. மறு ஆண்டு இன்னும் 2,600 ஏக்கர்.

விஷத்துக்குப் பூதக்கண்ணாடி உண்டா? பன்னிரண்டு குஞ்சம் இருக்கிறதா என்று அது எண்ணிப் பார்க்குமா? மண்ணில் இருந்த எல்லாப் புழுக்களும் நஞ்சாயின. அவற்றைத் தின்ற ராபின் முதலிய பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. அணிலும் முயலும் மடிந்தன. அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் இருந்த பூனைகளில் பத்துக்கு ஒன்பது முதல் பருவத்திலேயே மாண்டன. இந்தக் கோரத்தை அந்த ராஜ்யத்தின் இயற்கை ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த விஞ்ஞானிகளே ஆராய்ந்து பதிவு செய்தார்கள்.

1959-ம் ஆண்டில் மிச்சிகன் ராஜ்யத்தில், டெட்ராய்ட் நகரத்துப் புறநகர்ப் பகுதிகளின்மீது ஆல்ட்ரின் என்ற இன்னொரு விஷத்தை விமானங்கள் உருண்டைகளாகத் தூவின. வீட்டுக் கூரையிலும் நடைபாதையிலும் அவை விழுந்து கிடந்தன. ரேச்சல் கார்ஸன் என்ற அம்மையார் 1962-ம் ஆண்டில் வெளியிட்ட 'ஸைலன்ட் ஸ்பிரிங்' என்னும் புகழ்பெற்ற நூலில் இவ்விரு சம்பவங்களையும் விரிவாக எடுத்துக்காட்டி, இந்த அழிவுக்கு அவசியமே இல்லை என்று வாதித்தார்.

வண்டு என்னவாயிற்று? நிற்கவே இல்லை. இல்லினாய்ஸைத் தாண்டியும் மேற்கே போய்க்கொண்டே இருந்தது. ஆல்ட்ரினும் டீல்ட்ரினும்தான் பின்னால் நின்றுபோயின. உலக நாடுகள் 2001-ம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் கூடிச் செய்த ஒப்பந்தம் முதலில் பட்டியலிட்டது பன்னிரண்டு நச்சுப் பொருள்களை. அந்தப் பன்னிரண்டில் இவ்விரண்டும் சேர்ந்திருந்தன.

பால் நோய்

இத்தனைக்கும், வண்டை மட்டும் தேடிப் பிடிக்கும் ஓர் ஆயுதம் அதற்கு முன்பே கையில் இருந்தது. 1933-ம் ஆண்டில் நியூ ஜெர்ஸியில் மண்ணைத் தோண்டியவர்களுக்குச் சில விசித்திரமான புழுக்கள் கிடைத்தன. ஆரோக்கியமான புழுவின் காலைக் கிள்ளினால் தெளிந்த நீர் போன்ற இரத்தம் கசியும். இவற்றிலோ பால் போன்ற வெள்ளை நீர் வந்தது. ஒருவகை நுண்ணுயிர் புழுவின் இரத்தத்தில் பெருகி அதைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 'பால் நோய்' என்று பெயராயிற்று. செத்த புழுவின் உடலிலிருந்து கோடிக்கணக்கான வித்துக்கள் மண்ணில் கலந்து, அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கும். மனிதருக்கும் மாட்டுக்கும் பறவைக்கும் மண்புழுவுக்கும் இதனால் தீங்கில்லை.

1939-ம் ஆண்டு முதல் 1953-ம் ஆண்டு வரை 14 ராஜ்யங்களிலும் வாஷிங்டன் தலைநகரிலும் இந்த வித்துப் பொடியைச் சர்க்காரே தூவியது. பிற்காலத்துச் சோதனைகளில் இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பலன் தரவில்லை என்பது உண்மையே. ஆனால் ஒன்று, பலன் தராத இடத்தில்கூட அது ஒரு பறவையைக் கொல்லவில்லை.

இந்த வண்டைக் கொல்லாதீர்கள்!

ராஸ்பெரிச் செடியில் ஜப்பான் வண்டைப் பார்த்துவிட்டீர்கள். பன்னிரண்டு குஞ்சங்களும் சரியாக இருக்கின்றன. நசுக்கக் கை ஓங்கிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்! தலைக்குப் பின்னால், பளபளக்கும் பச்சைக் கழுத்தின் மேல், பால் மணி போன்ற ஒரு வெள்ளைப் பொட்டு தெரிகிறதா? தெரிந்தால் அந்த வண்டை விட்டுவிடுங்கள்.

அந்தப் பொட்டு வண்டின் உடம்பைச் சேர்ந்ததல்ல. ஓர் ஈ இட்ட முட்டை அது. வண்டை அதன் தாயகத்துப் பகைவர்களைக் கொண்டே அடக்க எண்ணி, 1920-களில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஜப்பானிலிருந்து வரவழைத்த ஈ. முட்டை ஒரு நாளில் பொரிக்கும். குஞ்சுப் புழு நேராக வண்டின் ஓட்டைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு வாரத்துக்குள் வண்டு செத்துவிடும். உள்ளிருக்கும் ஈயின் புழுவோ வளர்ந்து, கூடாகி, அடுத்த கோடையில் புதிய ஈயாகப் பறந்து வரும்.

பொட்டு வைத்த வண்டைக் கொல்கிறவர், சாகப் போகிற எதிரியைக் கொன்று, பிறக்கப் போகிற நண்பனையும் சேர்த்துக் கொல்கிறார். பக்கவாட்டில் இருக்கும் வெள்ளைக் குஞ்சம் குற்றவாளியின் அடையாளம். கழுத்தின் மேல் இருக்கும் வெள்ளைப் பொட்டு அவனுக்கு விதித்தாகிவிட்ட தண்டனையின் அடையாளம். இரண்டையும் பிரித்தறிய ஒரு நிமிஷ நேரம் போதும்.

கிராம்பு வாசனையும் இரங்கூன் மல்லியும்

கடைகளில் ஜப்பான் வண்டுக்கென்று பொறி விற்கிறார்கள். புனலும் பையுமாக இருக்கும். உள்ளே வாசனை மருந்து. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால், ரோஜாவில் உள்ள ஜெரானியால் முதலிய வாசனைப் பொருள்கள். போதாதற்கு, பெண் வண்டு ஆணை அழைக்க வெளியிடும் மணத்தையும் விஞ்ஞானிகள் 1977-ம் ஆண்டில் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டார்கள்.

பை நிறைய வண்டு விழுவதைப் பார்த்து வாங்கினவர் மகிழ்ந்து போகிறார். மகிழ்ச்சிக்கு இடமில்லை. 1980-களில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்தார்கள். பொறி பிடிப்பதைவிட அழைத்து வரும் வண்டுகள் அதிகம்! வந்தவற்றில் ஒரு பகுதி பொறிக்குள் விழாமல் பக்கத்துச் செடிகளை மேய்கிறது. பொறியை ராஸ்பெரிச் செடியருகே தொங்கவிடுவது, அக்கம்பக்கத்துத் திருடர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்புவதற்குச் சமம். வண்டு அந்த வட்டாரத்துக்கு வந்துவிட்டதா என்று வேவு பார்க்க அதிகாரிகளுக்குத்தான் பொறி உகந்தது.

இன்னொரு வேடிக்கை. அலங்காரத்துக்கு வளர்க்கும் ஜெரேனியம் பூவின் இதழைத் தின்றால் ஜப்பான் வண்டு அரை மணி நேரத்துக்குள் கைகால் விழுந்து மல்லாந்துவிடும். பறவையோ வேறு பூச்சியோ தூக்கிக்கொண்டு போகாவிட்டால், மறுநாளைக்குள் தெளிந்து எழுந்து, பழைய குடிகாரனைப்போல அதே பூவைத் தேடிப் போகும். இந்த மயக்கத்துக்குக் காரணமான பொருள் க்விஸ்குவாலிக் அமிலம் என்று 2011-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் காட்டினார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? நம் வீட்டு வாசலில் பந்தலேறி, மாலையில் வெள்ளையாகப் பூத்து, பிறகு சிவக்கும் இரங்கூன் மல்லிக்குத் தாவர நூலார் வைத்திருந்த பெயர் 'க்விஸ்குவாலிஸ்'. அதன் விதையிலும் அந்த அமிலம் இருக்கிறது!

தோட்டக்காரர் செய்ய வேண்டியது

சின்னத் தோட்டத்துக்கு ஏற்ற முறை மிக எளிது. காலைக் குளிரில் வண்டுகள் சோம்பிக் கிடக்கும். அந்த நேரத்தில் சோப்புத் தண்ணீர் வாளியைக் கொத்துக்குக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் போதும். ஆபத்து என்றால் கீழே விழுவது அவற்றின் பழக்கமல்லவா? தாமாகவே வாளிக்குள் விழும். முதல் வண்டு தோன்றிய நாளிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். கடிபட்ட இலை கூட்டத்தை அழைக்கும் என்பதால், முதல் சிலரை அகற்றினால் பின்னால் வரும் பலரைத் தடுத்ததாகும்.

பழுத்த பழத்தைச் செடியில் விட்டுவைக்காமல் அன்றாடம் பறித்துவிட வேண்டும். பூ முடிந்து காய் பிடித்த பிறகு மெல்லிய வலை போர்த்தலாம். அதற்கு முன் போர்த்தினால் தேனீ வராது, காயும் பிடிக்காது. வண்டு முட்டையிடும் நாட்களில் பக்கத்துப் புல்தரைக்கு நீர் பாய்ச்சாமல் இருப்பதும் நல்லது. நன்றாக வேரூன்றிய ராஸ்பெரிச் செடி ஓரளவு இலையை இழந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஆகையால் நாலு வண்டைக் கண்டதும் மருந்துக் குப்பியைத் திறக்க வேண்டியதில்லை. பெரிய பண்ணைகளில் மருந்து அடிக்க நேர்ந்தாலும், தேனீ நடமாடும் வேளையை விலக்கி, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்ற விதியைப் படித்துப் பார்த்தே அடிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் புது அத்தியாயம்

இந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2014-ம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரத்துக்கு மேற்கே, டிசினோ நதிப் பள்ளத்தாக்கில் ஜப்பான் வண்டு தலைகாட்டியது. 2017-ம் ஆண்டில் எல்லை தாண்டி ஸ்விட்ஸர்லாந்தின் தென்கோடிக்கும் வந்தது. 2019-ம் ஆண்டில் ஐரோப்பிய யூனியன், முதலிடம் கொடுத்துத் தடுக்க வேண்டிய பூச்சிகளின் பட்டியலில் அதன் பெயரையும் சேர்த்தது.

அங்கேயும் முதல் சிக்கல் அடையாளம்தான். 'தோட்ட வண்டு' என்று ஒன்று ஐரோப்பாவில் காலங்காலமாக இருக்கிறது. அதே அளவு, அதே பச்சைக் கழுத்து, அதே பழுப்பு முதுகு. குஞ்சங்கள் மட்டும் இல்லை. ஆகவே அதிகாரிகள் பொதுமக்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: சந்தேகத்துக்குரிய வண்டைக் கண்டால் பிடித்து வையுங்கள், பக்கவாட்டில் வெள்ளைக் குஞ்சம் இருக்கிறதா என்று பாருங்கள், போட்டோ எடுத்து உடனே தகவல் கொடுங்கள்.

சீக்கிரம் கண்டுகொண்டால் வெற்றி கிட்டாமலும் போவதில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கொலராடோ ராஜ்யத்தில் பாலிஸேட் என்ற ஊர் பீச் பழத்துக்குப் பேர்போனது. அங்கே வண்டு நுழைந்தபோது ஊர் மக்களும் அதிகாரிகளும் ஒன்றுசேர்ந்து, பரவுவதற்கு முன்பே மடக்கி, 2009-ம் ஆண்டுக்குள் அடியோடு ஒழித்துவிட்டார்கள்.

ரிவர்ட்டனில் 1916-ல் கண்ணில் பட்டது சில வண்டுகளே. அவற்றின் வம்சம் தின்று அழித்த புல்தரைகளைச் சீராக்கவும் அவற்றை அடக்கவும் அமெரிக்கா ஆண்டுதோறும் 46 கோடி டாலருக்கு மேல் செலவழிப்பதாக அந்நாட்டு விவசாய இலாகா மதிப்பிட்டிருக்கிறது. நாட்டுக்குள் நுழையும் முதல் சில வண்டுகளை யாராவது ஒருவர் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். அந்த ஒருவர் விஞ்ஞானியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூடையுடன் பழம் பறிக்கப் போன ஒரு பாட்டியாகவும் இருக்கலாம். அவருக்குத் தேவையானவை இரண்டே. குனிந்து பார்க்கும் பொறுமை. பன்னிரண்டு வரை எண்ணத் தெரிந்திருப்பது.